ரைஃபிள் மேல் பழி போடும் முன்... ட்ரைபாடைப் பாருங்கள்!

'வாங்கும் முன் ஒரு நிமிஷம்' பகுதிக்கு வழக்கமாக வருவது மிக்ஸி, ஏர் ஃப்ரையர், பவர் பேங்க் கேள்விகள்தாம். இந்த வாரம் வந்தது வேறு ரகம். ப்ளஸ் ஒன் படிக்கும் மகளை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பும் ஓர் அம்மா எழுதியிருந்தார்.

"என் பொண்ணுக்குக் கொஞ்ச நாளா ஷாட் எல்லாம் கீழே இறங்குது. ரைஃபிள்ல காத்து சரியா வருதான்னு பார்க்க, மூணு குடும்பமா சேர்ந்து குரோனோகிராஃப் ஒண்ணு வாங்கினோம். வீட்டுல ரீல்ஸ் எடுக்க வெச்சிருந்த ட்ரைபாட்ல மாட்டினோம். முதல்ல 172 காட்டுச்சு. அப்புறம் 171, 170, 169-னு இறங்கிட்டே வந்துச்சு. ரைஃபிளை சர்வீஸுக்கு அனுப்பணும்னு சொல்றாங்க. போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அனுப்பினா திரும்பி வர்றதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும். ஒருவேளை ஸ்டாண்ட்தான் பிரச்னையா? அப்படின்னா எந்த ஸ்டாண்ட் வாங்கணும்?"

கூடவே ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். ட்ரைபாட் தலையில் குரோனோகிராஃப் மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. ஆபீஸில் அந்தப் படத்தை ஜூம் செய்து கோணத்தை அளந்து பார்த்தோம். ஏறத்தாழ 10 டிகிரி சாய்வு. இந்தப் 10 டிகிரிக்குப் பின்னால் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன், இந்தக் கருவியைக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள்.

குரோனோகிராஃப் என்பது தோட்டா எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும் கருவி. சாதாரண ஆப்டிக்கல் மாடலில் முன்னும் பின்னும் இரண்டு சென்ஸார்கள் இருக்கும். பெல்லட் மேலே பறக்கும்போது அதன் நிழல் முதல் சென்ஸாரில் விழுந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். சென்ஸார்களுக்கு நடுவில் ஓர் அடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் அந்த ஓர் அடியைக் கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

இப்போது கணக்கு. பெல்லட் நேராகப் போகிறது. கருவி 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. அப்படியானால் ஒரு சென்ஸாரிலிருந்து இன்னொன்றுக்குப் பெல்லட் போகும் வழி கொஞ்சம் நீளமாகிவிடுகிறது. கருவிக்கு இது தெரியாது. அது தனக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் அடியை வைத்தே வகுக்கும். விடை, உண்மையான வேகத்தைவிடக் குறைவாக வரும். ஸ்கூலில் படித்த காஸ் தீட்டாதான். காஸ் 10 டிகிரி என்பது 0.985. அதை 172-ஆல் பெருக்கினால் 169.4!

அம்மா எழுதிய எண்ணும் அதேதான். ரைஃபிள் நூறு சதவிகிதம் நன்றாக இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ரெகுலேட்டரில் கோளாறு இருந்தாலும் வேகம் இப்படித்தான் இறங்கும். சிலிண்டரில் காற்று ரொம்பக் குறைந்துபோனாலும் இறங்கும். ஆனால், ஷாட்டுக்கு ஷாட் தலை தொங்கிக்கொண்டே போகிற ஒரு ஸ்டாண்டில் எடுத்த அளவை நம்பி, லட்சங்களில் விலையுள்ள ரைஃபிளைப் போட்டிக்கு முன்னால் பார்சல் கட்ட வேண்டாம். முதலில் ஆடாத ஸ்டாண்ட். அதில் 10 ஷாட். பிறகு முடிவு செய்யலாம்.

சாய்வு மட்டுமல்ல, உயரம் மாறுவதும் அளவைக் கெடுக்கும். சென்ஸாருக்குப் பக்கத்தில் போகும் பெல்லட்டின் நிழல் அழுத்தமாக விழும். ரொம்ப மேலே போனால் மங்கும். மங்கலான நிழலுக்கு ஒரு சென்ஸார் கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டால் போதும்... அந்தத் தாமதத்துக்குள் பெல்லட் 5 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தாலே 172-ல் கிட்டத்தட்ட 3 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

கேமராவுக்கு நல்லது, இதற்கும் நல்லதா?

இல்லை. கடையில் "கேமரா ட்ரைபாட் சார், 3 கிலோ தாங்கும்" என்பார்கள். குரோனோகிராஃப் ஒரு கிலோகூட இருக்காது, அப்புறம் என்ன என்றுதான் தோன்றும். ஆனால், போன் ஒல்லியான, கைக்கடக்கமான பொருள். குரோனோகிராஃப் நீளமான பெட்டி. அதன் தலைக்கு மேல் கம்பிகள், கம்பிகளின் உச்சியில் வெயிலை மட்டுப்படுத்தும் பிளாஸ்டிக் தடுப்புகள். இவ்வளவும் அடியில் இருக்கும் ஒரே ஒரு திருகில் நிற்கிறது. நடுவில் பிடித்த துடைப்பம் மாதிரி ஏதாவதொரு பக்கம் சாயப் பார்க்கும். காற்றடித்தால் மேலே இருக்கும் தடுப்புகள் பாய்மரம்.

ரீல்ஸ் ட்ரைபாடின் பலவீனம் பெரும்பாலும் காலில் இல்லை, கழுத்தில். பிளாஸ்டிக் தலை, பிளாஸ்டிக் பூட்டு. இறுக்கிவிட்டுப் போனால் பத்து நிமிஷத்தில் மெதுவாக இறங்கிவிடும். போன் வைத்தால் ஃப்ரேம் கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். இங்கே கதையே மாறிவிடுகிறது.

அதனால் கடைக்குப் போகும்போது கூடவே ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட் எடுத்துப்போங்கள். (கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.) தலையைச் சமமாக வைத்துப் பூட்டுங்கள். பாக்கெட்டை நடுவில் இல்லாமல் கொஞ்சம் முன்தள்ளிக் கட்டுங்கள். போனில் இருக்கும் லெவல் ஆப்பைத் தலைமேல் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த ட்ரைபாட் வேண்டாம். பிறகு, தலையைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். கை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்து சட்டென்று நிற்க வேண்டும். நடுங்கிக்கொண்டே இருந்தாலோ, திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ வாங்காதீர்கள். பெட்டிமேல் அச்சடித்த 'இத்தனை கிலோ தாங்கும்' என்பதைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

உயரமாக வாங்காதீர்கள், உயரத்தைக் குறையுங்கள்!

அந்த அம்மா கேட்காத கேள்வி இது. ஆனால் முக்கியமானது.

10 மீட்டர் போட்டியில் டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஷூட்டர் நின்றபடி சுடுவார். அப்படி நின்று சுடும்போதே அளக்க வேண்டும் என்று நினைத்தால் குரோனோகிராஃபும் அந்த உயரத்துக்குப் போக வேண்டும். சாதாரண ட்ரைபாட் அந்த உயரத்தைத் தொட, காலின் கடைசி ஒல்லிக் குச்சிவரை இழுத்து, நடுத்தண்டையும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். நடுத்தண்டை ஏற்றிய நிமிஷத்தில் அது மூன்று கால் ஸ்டாண்ட் இல்லை, ஒற்றைக் கால் ஸ்டாண்ட்.

வேகம் பார்ப்பதற்கு நின்று சுடத் தேவையே இல்லை. ஒரு கனமான மேஜை, அதன்மேல் மணல் பை, அதன்மேல் ரைஃபிள். உட்கார்ந்து சுட்டால் பேரல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடும். பெல்லட் பிடிக்கும் பெட்டியையும் அதே உயரத்தில் வையுங்கள். குரோனோகிராஃப் அதற்கும் கீழேதான் உட்காரும், ஏனென்றால் பெல்லட் சென்ஸாருக்குச் சுமார் அரை அடி மேலே போக வேண்டும். இப்போது காலின் தடித்த பகுதியை மட்டும் இழுத்தாலே போதும். சுமாரான ட்ரைபாட்கூட இந்த உயரத்தில் கொஞ்சம் கௌரவமாக நடந்துகொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. நின்று சுடும்போது வரும் ஆட்டத்தில் பெல்லட் கம்பியில் பட வாய்ப்பு அதிகம். மேஜையில் அந்தப் பயம் ரொம்பக் குறைவு.

அடுத்தது, சாய்ந்து விழாமல் இருக்க எடை. பல ட்ரைபாடுகளில் நடுத்தண்டுக்குக் கீழே ஒரு கொக்கி இருக்கும். அதில் மணல் நிரப்பிய கட்டைப் பை ஒன்றைத் தொங்கவிடுங்கள். பையின் அடி தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி, ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். டைல்ஸ் தரை என்றால் மூன்று காலுக்கும் அடியில் ரப்பர் மிதியடி. மண் தரை என்றால் கூர்முனைக் கால். கால்களை நடுவில் இணைக்கும் பட்டை உள்ள மாடலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு கால் டார்கெட்டைப் பார்த்தும், இரண்டு கால் ஷூட்டர் பக்கமும் இருக்கும்படி நிறுத்துங்கள். பெரிய ரைஃபிள்களில் வெடித்து வெளிவரும் வாயு கருவியை முன்பக்கமாகத் தள்ளும். முன்னால் ஒரு கால் இருந்தால் அது முட்டுக் கொடுக்கும். அந்த வாயுவாலேயே சென்ஸார் ஏமாந்துவிடும் என்பதால் அங்கெல்லாம் பத்து, பதினைந்து அடி தள்ளி வைக்கிறார்கள். ஏர் ரைஃபிளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பேரல் முனையிலிருந்து ஒரு மீட்டர் போதும்.

கடலூரில் முடிந்த ஒரு கதை

இந்தக் கேள்விக்காகத் தேடிப் படித்தபோது கிடைத்த விஷயம். சொல்லாமல் விட மனசு வரவில்லை.

தோட்டாவின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்துகாட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1742-ல் வெளிவந்த 'நியூ பிரின்ஸிபிள்ஸ் ஆஃப் கன்னரி' என்ற புத்தகத்தில் முறையை எழுதினார். கனமான ஓர் ஊசலில் மரப்பலகையைப் பொருத்தி, அதில் தோட்டாவைச் சுட வேண்டும். ஊசல் பின்னால் போகும்போது ஒரு ரிப்பனை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு ரிப்பன் வந்தது என்று பார்த்து, ஊசல் எவ்வளவு ஆடியது, தோட்டா எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கணக்குப் போடலாம். எலெக்ட்ரிசிட்டியே இல்லாத காலத்தில்! கணித மேதை ஆய்லர் இந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அந்த ஊசலை ராபின்ஸ் எதில் தொங்கவிட்டார் தெரியுமா? மூன்று கட்டைகளை உச்சியில் ஒன்றாகச் சேர்த்து, அடியில் அகட்டி நிறுத்திய ஒரு சட்டத்தில். பாரம் தூக்குகிறவர்கள் பயன்படுத்திய அதே முக்காலி. ஆக, இந்தத் துறையின் முதல் ட்ரைபாடும் முதல் கருவியோடு சேர்ந்தே வந்திருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி பிற்பாடு அவரைத் தன் கோட்டைகளைப் பலப்படுத்தும் பொறியாளராக இந்தியாவுக்கு அனுப்பியது. 1751-ல் அவர் இறந்தது நம் கடலூரில், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்த ஊரும் கடலூர்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கடலூர்க்காரர்கள் ஸ்டேட்டஸ் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எதை வாங்குவது?

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. என் முதல் யோசனை, உங்கள் ஊர் கல்யாண வீடியோகிராஃபர். பெரிய கேமராக்களைத் தாங்கிய பழைய வீடியோ ட்ரைபாட் அவர் ஸ்டுடியோ மூலையில் சும்மா நின்றுகொண்டிருக்கும். கனமான கால், இரும்பு மாதிரி கழுத்து, தலையிலேயே நீர்மட்டக் குமிழ். புது ரீல்ஸ் ட்ரைபாடைவிட இது எவ்வளவோ மேல். வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கே கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம். கேமராவைத் திருப்புவதற்கு நீளமான கைப்பிடி இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். பெல்லட் போகும் வழியில் அது நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது, ரோட்டோரம் சர்வே எடுப்பவர்கள் வைத்திருக்கும் ஸ்டாண்ட். உறுதி என்றால் அதுதான் உறுதி. குனிந்து நிமிரும் தலை கிடையாது, தட்டையான மேடை மட்டும்தான். கால்களை ஏற்றி இறக்கியே சமமாக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் தொங்குவதற்கு அங்கே கழுத்தே இல்லை! அதன் திருகு தடிமனானது, 5/8 இன்ச். குரோனோகிராஃப்களின் அடியில் பொதுவாகக் கேமராக்களைப் போல 1/4 இன்ச் துளைதான் இருக்கும். இரண்டையும் இணைக்கும் சின்ன அடாப்டர் தேவைப்படும். ஸ்டுடியோ லைட் ஸ்டாண்டுக்கும் அடாப்டர் வேண்டும். ஆனால், லைட் ஸ்டாண்ட் என் சிபாரிசு இல்லை. ஒல்லித் தண்டு.

புதிதுதான் வேண்டும் என்றால் மெட்டல் தலை, தடித்த கால், குறைந்த அடுக்கு. மூன்று அடுக்குக் காலைவிட இரண்டு அடுக்குக் கால் உறுதி. கார்பன் ஃபைபருக்குப் பணம் கொட்ட வேண்டாம். அது தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு. நமக்கு எடை இருந்தால்தான் நல்லது.

ட்ரைபாடே வேண்டாம் என்கிற வழியும் இருக்கிறது. பேரல் முனையிலேயே மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவிகள் உண்டு. கைக்கு அடங்கும் ரேடார் வகையும் வந்துவிட்டது. மேஜையில் ரைஃபிளுக்குப் பக்கத்திலேயே சின்ன ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடும். பெல்லட் அதைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. விலைதான் கூடுதல். மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்ட நிலையில், அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம்.

யார் முன்னால் போவது?

நல்ல ட்ரைபாடுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எண்ணைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ட்ரைபாட் தொங்கும்போதெல்லாம் அதை நிமிர்த்த யாராவது போக வேண்டும். அது நிற்பது துப்பாக்கிக்கு முன்னால். அந்த அம்மாவின் கடிதத்திலும் ஒரு வரி இருந்தது. "ஒவ்வொரு நாலு ஷாட்டுக்கும் என் சின்னப் பையன் ஓடிப்போய் நிமிர்த்திட்டு வருவான்."

அதை உடனே நிறுத்துங்கள், ப்ளீஸ். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும். ஏர் ரைஃபிள்தானே என்று நினைக்கக் கூடாது, கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். நிமிர்த்த வேண்டுமென்றால், கோச் நிறுத்தச் சொல்ல வேண்டும். எல்லா ரைஃபிளும் பெல்லட் இல்லாமல் திறந்த நிலையில், பேரலில் பாதுகாப்புக் கொடி செருகி, மேஜையில் கிடக்க வேண்டும். யார் கையும் அதன்மேல் இருக்கக் கூடாது. அதன் பிறகு பெரியவர் ஒருவர் போகட்டும். அங்கே இருக்கும் எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெல்லட் மெட்டல் பாகத்தில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆடாத ட்ரைபாட் என்றால் ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. முன்னால் போக வேண்டிய வேலை அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நேராக வைக்க ஒரு நூல்கண்டு போதும். ரைஃபிளை எடுத்துவிட்டு, மணல் பைமேல் பேரல் இருக்கும் உயரத்திலிருந்து பெல்லட் பெட்டியின் மையம்வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல், குரோனோகிராஃபின் இரண்டு சென்ஸாருக்கும் மேலே ஒரே உயரத்தில், நடுவில் போகிற மாதிரி ட்ரைபாடை நகர்த்துங்கள். சரியாக வந்ததும் மூன்று காலும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் வைத்தால்தான் இந்த வார எண்ணோடு ஒப்பிட முடியும். நூலைக் கழற்ற மறக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் எண் தாறுமாறாகக் குதித்தால், மேலே பாருங்கள். உள்ளரங்கம் என்றால் டியூப் லைட் காரணமாக இருக்கலாம். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, சென்ஸாருக்குத் தெரியும். அதை நிழல் என்று நினைத்து ஏமாந்துவிடும். வெளியே நிழலில் வைத்து அளப்பது, அல்லது அந்தக் கருவிக்கென்றே விற்கும் இன்ஃப்ராரெட் விளக்கை மாட்டுவது என்று இரண்டு வழி. இந்தப் பிரச்னையை எந்த ட்ரைபாடும் தீர்க்காது.

அதையும் சரிசெய்த பிறகு 10 ஷாட் போடுங்கள். சிலிண்டரில் போதுமான காற்றோடு ஆரம்பியுங்கள். ஒரே டப்பாவிலிருந்து பெல்லட் எடுங்கள். ஐந்தாவது ஷாட்டிலும் பத்தாவதிலும் லெவல் ஆப் காட்டும் எண்ணையும் குறிக்க வேண்டும், ஆனால் மேலே சொன்ன முறைப்படி நிறுத்திவிட்டு. கருவி சாயவில்லை, ஆனாலும் வேகம் 172-லிருந்து படிப்படியாக இறங்குகிறது என்றால், ரைஃபிளை சர்வீஸுக்கு அனுப்பத்தான் வேண்டும். போட்டிக்கு கிளப்பில் வேறு ரைஃபிள் கிடைக்குமா என்று அன்றைக்கே கேட்டு, பொண்ணு அதில் பழக ஆரம்பிக்கட்டும். வேகம் ஒரே மாதிரி வந்தால் ரைஃபிள் இங்கேயே இருக்கட்டும். ஷாட் ஏன் இறங்குகிறது என்பதைக் கோச்சும் பொண்ணும் பார்த்துக்கொள்வார்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு துணைக்கேள்வி: கீழே விழுந்ததில் தடுப்பைத் தாங்கும் கம்பி ஒன்று வளைந்துவிட்டதாம், கொல்லரிடம் கொடுத்து இரும்பிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். பெல்லட் பட்டால் தெறிக்கும், கருவியையும் சேர்த்து இழுத்துத் தள்ளும். அளவுக்கு நறுக்கிய மூங்கில் குச்சி போதும். பட்டால் குச்சி மட்டும் உடையும். பத்துக் குச்சியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.